அப்பாவிடம் சொல்ல வேண்டாம்

மருத்துவர் எங்கள் தந்தையாரை வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கச் சொல்லிவிட்டு, அண்ணனையும் என்னையும் மட்டும் உள்ளே அழைத்தார். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது. தலையைப் படமெடுத்த பிலிமை விளக்குக்கு முன் பிடித்து, மூளை எங்கெங்கே சுருங்கியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். "அல்சைமர் என்னும் மறதி நோய். மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போகும். மாத்திரை எழுதித் தருகிறேன். அவரிடம் சொல்வதா, வேண்டாமா என்பதைக் குடும்பத்தில் கலந்து முடிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். அறைக் கதவு முழுவதும் சாத்தப்பட்டிருக்கவில்லை. இடுக்கின் வழியே அப்பாவின் கால்கள் இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எப்படி அமரச் சொல்வாரோ, அப்படி.

வீடு வந்து சேரும் முன்பே அண்ணன் முடிவு செய்துவிட்டார். அப்பா முன்னிருக்கையில் கண்ணயர்ந்திருந்த வேளையில், "அப்பாவிடம் சொல்ல வேண்டாம். தாங்கமாட்டார்" என்று என் காதருகில் சொன்னார். அன்றிரவு சமையலறையில் அம்மாவும் அதற்கு இசைந்தார். "நரம்புக்குச் சத்துக் குறைவாம், மாத்திரை சாப்பிட்டால் தேறிவிடுமாம்" என்பது நாங்கள் மூவரும் சேர்ந்து சொன்ன செய்தி. மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தோம். உறையில் அச்சிட்டிருக்கும் பெயரை அப்பா படித்துவிடக் கூடாது அல்லவா?

எங்களிடம் வஞ்சகம் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. இருந்தது பாசமும் பயமும். பங்கு நடுநிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராயும் தலைமையாசிரியராயும் பணியாற்றியவர் அப்பா. ஓய்வு பெற்ற பின் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பங்குக் கிளைக்குப் பொருளாளராக இருந்தார். வருகிற மனிதரின் முகம் பார்ப்பதற்கு முன் அவர் கொண்டுவந்த இரசீதைப் பார்ப்பவர் என்று கேலி செய்வோம். அத்தகைய மனிதரிடம் போய், "உங்கள் மூளை சுருங்கிவருகிறது" என்று எந்தப் பிள்ளைக்குத்தான் நா எழும்?

இதனை வாசிக்கும் குடும்பங்களுள் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு இப்போதும் சமையலறைகளில் நடந்துகொண்டிருக்கும். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். ஞாயிறு திருப்பலியில் நம் கோவிலின் முன்வரிசைகளில் அமரும் முதியோரை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கின் கனம் புரியும்.

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. நினைவும், சிந்தனையும், அன்றாட காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் திறனும் படிப்படியாகக் குன்றிவரும் நிலைக்குப் பொதுப்பெயர். அந்நிலைக்குப் பெரும்பாலும் காரணமாவது அல்சைமர் நோய்; மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வருவது மற்றொரு வகை. இவற்றை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. நினைவைச் சிலகாலம் தாங்கிப் பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. ஆனால் மறதியெல்லாம் மறதி நோயாகிவிடாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 என்னும் சத்து குறைந்தாலும், மனச்சோர்வு மிகுந்தாலும், தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டாலும், சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மறதியும் குழப்பமும் தோன்றும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. "வயதானால் அப்படித்தான்" என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப் போடுவது, குணமாகக் கூடியவரையும் குணமாகாதவராக்கிவிடும்.

நோயைப் பற்றிய உண்மையை நோயாளியிடமிருந்து மறைக்கும் வழக்கம் நம்மிடம் மட்டுமே உள்ள குறை என்று எண்ண வேண்டாம். புற்றுநோய் விஷயத்தில் உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்துகொண்டது. 1961-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகர மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களைக் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1979-இல், அந்நாட்டின் வேறொரு மருத்துவமனையில் அதே கேள்வியைக் கேட்டபோது, சொல்வோம் என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். அந்த இடைவெளியில் மனிதரின் நெஞ்சுரம் கூடிவிடவில்லை. மருத்துவ முறைகள் பெருகின. நோயாளிக்கும் ஒரு சொல் உண்டு என்னும் எண்ணம் வலுப்பட்டது.

மறதி நோயில் அந்த மாற்றம் பின்தங்கியே வந்தது. அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் நம்மைப் போல் செபமாலையும் உறவுக் கூட்டமுமாய் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் நகரம். அங்கே நினைவாற்றல் குன்றியோருக்கான மருத்துவ நிலையம் ஒன்றுக்கு நோயாளியரை அழைத்துவந்த உறவினர் 100 பேரிடம் மருத்துவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டனர். அதன் முடிவு 1996-இல் வெளியாயிற்று. அல்சைமர் நோய் என்பதை நோயாளியிடம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, சொல்லக் கூடாது என்றவர்கள் 83 பேர். சொன்னால் மனம் உடைந்துபோவார் என்பதே அவர்கள் காட்டிய முக்கிய காரணம். சரி, நாளை அதே நோய் உங்களுக்கு வந்தால் உங்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, சொல்லத்தான் வேண்டும் என்றவர்கள் 71 பேர்.

இந்தக் கணக்கை நான் முதன்முதலில் படித்தபோது, அண்ணன் என் காதருகில் சொன்ன சொற்கள்தாம் நினைவுக்கு வந்தன. நாங்களும் அந்த 83 பேரில் இருந்தோம். அந்த 71 பேரிலும் இருந்தோம்.

எட்டு மாதம் கடந்தது. அப்பா இரண்டு முறை, "மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். இரண்டு முறையும் "சத்துக்கு" என்றோம். மூன்றாம் முறை கேட்கவில்லை. சரி, மறந்துவிட்டார் என்று ஆறுதல் கொண்டோம். உண்மையில் அவர் எங்களிடம் கேட்பதைத்தான் விட்டுவிட்டார்.

2012 ஏப்ரலில், பாஸ்கா முடிந்த வாரம், ஒரு மாலை வேளையில் அப்பா என்னை மட்டும் மாடிக்கு அழைத்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து சபையின் கணக்குப் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். அதற்குள் துண்டுத் தாள்கள். "அம்மா, நீயும் ஆசிரியைதானே, இதைக் கூட்டிப் பார்" என்றார். கூட்டினேன். இருப்பில் 1,740 ரூபாய் குறைந்தது. "இது நான்காம் முறை" என்றார். முந்திய மூன்று முறையும் தம் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துப் போட்டு யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டியிருக்கிறார். பிறகு தாழ்ந்த குரலில், "ஏழைகளின் காசை நானே எடுத்து எங்கோ வைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. என்னை அறியாமல் களவு செய்கிறேனோ? பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை" என்றார்.

எழுபத்தைந்து வயது. எட்டு மாதமாக அந்த மனிதர் தம்மைத் திருடன் என்று எண்ணிக்கொண்டு எங்கள் நடுவில் உண்டு உறங்கியிருக்கிறார். நாங்களோ அவர் மனம் நோகாமல் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பின்னர்தான் ஒன்றைப் படித்தறிந்தேன். இந்த நோய்க்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 1901-இல் பிராங்பர்ட் நகர மருத்துவமனையில் அகுஸ்தே தேத்தர் என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியைப் பரிசோதித்துக் குறிப்புகள் எழுதிவைத்தார். தம் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார் அந்த அம்மையார். ஆனால் தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் கூறியதும் அந்தக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. 1906-இல் அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்தே அல்சைமர் இந்நோயை விவரித்தார். வைத்திய உலகம் நோயைக் கண்டறிவதற்கு முன்பே, ஏதோ கைநழுவிப் போகிறது என்று அந்த நோயாளிக்குத் தெரிந்திருந்தது. தொடக்க நிலையில் உள்ள பலருக்கும் இப்படித் தெரியவே செய்கிறது. பெயர் ஒன்றுதான் தெரிவதில்லை. பெயர் தெரியாத இடத்தில் மனிதர் தாமே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்: பைத்தியம், செய்வினை, சாபம், பாவம். என் தந்தையார் வைத்துக்கொண்ட பெயர் களவு.

அன்று மாலையே சொன்னேன். எப்படிச் சொல்வது என்று யாரும் எனக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை. "அப்பா, போன ஆகஸ்டில் படம் எடுத்தோமே, அதில் மறதி நோய் என்று வந்திருக்கிறது. அல்சைமர் என்று பெயர். நீங்கள் எதையும் திருடவில்லை. எழுத மறந்திருக்கிறீர்கள்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "அப்படியானால் நான் எடுக்கவில்லை?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சற்றுக் கழித்து, "உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "எட்டு மாதமாகவா?" என்றார்.

நோயின் பெயரைக் கேட்டபோது கலங்காதவர் அந்த இடத்தில் கலங்கினார்.

பிறகொரு நாள், சபையின் புத்தகத்தோடு வீடு வீடாய்ப் போய் விசாரித்தபோது விவரம் வெளிவந்தது. அரிசிக்கான பணத்தைச் சில குடும்பங்களுக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை கொடுத்திருக்கிறார். இரண்டாம் முறை கொடுத்ததை எழுதவில்லை. "ஐயா இரங்கிக் கொடுக்கிறார் என்று வாங்கிக்கொண்டேன்" என்றார் ஒரு விதவைத் தாய்.

இனி, நம் விசுவாசம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புனித அகுஸ்தீனார் கிபி 420-ஐ ஒட்டி பொய்க்கு எதிராக எழுதிய நூலில் நம் வீட்டுக் கேள்வியைப் போன்ற ஒன்றையே எடுத்துக்கொள்கிறார். ஒருவர் கடும் நோயில் கிடக்கிறார். அவருடைய ஒரே மகன் இறந்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது. மகன் உயிரோடிருக்கிறானா என்று உங்களைக் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அதிர்ச்சியில் அவர் உயிர் போய்விடும். என்ன செய்வீர்கள்? இக்கேள்வி தம் உள்ளத்தை எவ்வளவு கலக்குகிறது என்பதை அகுஸ்தீனார் ஒளிக்கவில்லை. ஆயினும் பொய் சொல்லலாம் என்று அவர் இணங்கவுமில்லை. நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எட்டாம் கட்டளையை விளக்கும் பகுதியில் இன்னும் பரிவோடு பேசுகிறது. உண்மையை எவருக்கும் எந்நேரமும் கொட்டிவிட வேண்டும் என்னும் கட்டாயமில்லை. கேட்பவரின் நன்மையும் அன்பும் பார்த்து மௌனமாயிருக்கவும் இடமுண்டு என்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படுவது மௌனம். நாங்கள் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தது மௌனமன்று. கட்டிச் சொன்ன கதை. மேலும் அந்த உண்மைக்கு உரிமையுடையவர் யார்? அயலாரா? அவர் மூளை, அவர் வாழ்வு, அவர் ஆன்மா.

சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், தந்தையின் புத்தி தளர்ந்துபோன காலத்திலும் மகன் அவரிடம் பரிவு காட்ட வேண்டும், தன் வலிமையைக் கொண்டு அவரை இகழலாகாது என்னும் அறிவுரை உண்டு. இகழ்வது என்றால் ஏசுவது மட்டுமா? அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவரைப் பற்றி உள்ளே பேசுவதும் அதில் சேருமோ என்று எனக்கு ஐயம்.

நம் பெரியவர்களுக்கு மற்றொன்றும் நினைவிருக்கும். அந்நாளில் "அவஸ்தைப் பூசுதல்" என்றாலே வீடு நடுங்கும். குருவானவர் படியேறி வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று, நினைவு தப்பும் வரை காத்திருந்து, மூச்சு இழுக்கும்போது ஆள் அனுப்புவார்கள். சுவாமியார் ஓடி வருவார். நோயாளிக்குத் தமக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972-இல், திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் முறைகளைச் சீர்திருத்தினார். அது மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறத் தக்கது. நோயாளி தெளிந்த அறிவோடு, தாமும் செபத்தில் பங்குகொண்டு பெறுவதே சிறந்தது. இன்று நோயில்பூசுதல் என்கிறோம். மூச்சு இழுக்கும் வரை குருவானவரை அழைக்காத அதே அன்புதான், அறிவு மங்கும் வரை நோயின் பெயரைச் சொல்லாமலிருக்கிறது. முன்னதைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம்.

அப்பா 2013-ஆம் ஆண்டு பெப்ருவரி 11-ஆம் நாள், லூர்தன்னை திருநாளும் உலக நோயாளர் நாளுமான அன்று, தம் காலால் நடந்து சென்று, பீடத்தின் முன் நாற்காலியில் அமர்ந்து நோயில்பூசுதல் பெற்றார். பதில் செபங்களை அவரே சொன்னார். அதற்கு முந்திய மாதங்களில் அவர் செய்து முடித்த காரியங்கள் பல. சபைக் கணக்கை ஐந்து வாரம் உட்கார்ந்து புதிய பொருளாளருக்குப் பக்கம் பக்கமாய் ஒப்புவித்தார். எனக்குத் தெரியாத ஒரு பழைய மனத்தாங்கலுக்காகப் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போய்வந்தார். உயில் எழுதினார்.

உயில் பற்றி ஒரு சொல். மறதி நோய் என்று மருத்துவர் எழுதிவிட்ட மாத்திரத்தில் உயில் எழுதும் உரிமை போய்விடுவதில்லை. நம் 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் கேட்பது, எழுதும் வேளையில் தாம் செய்வது இன்னதென்று அறியும் தெளிவு அவருக்கு இருக்கிறதா என்பதே. தொடக்க நிலையில் அத்தெளிவு பெரும்பாலும் இருக்கும். மருத்துவர் சான்று ஒன்று பெற்றுவைத்தால் பின்னாளில் வழக்கு எழுந்தாலும் துணையாக இருக்கும். பலர் அறியாத வேறொன்று: "பவர்" எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, எழுதிக் கொடுத்தவரின் அறிவுத் தெளிவு போய்விட்டால் அந்த அதிகாரமும் அதோடு முடிந்துவிடும். பின்பு வங்கிப் பணத்துக்கும் வீட்டுக்கும் நீதிமன்றத்தின் படியேற நேரும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேசத் தமக்கு நம்பிக்கையான ஒருவரை நியமிக்கவும் இடந்தருகிறது. இவையெல்லாம் தெளிவுள்ள காலத்தில் மட்டுமே ஆகும். தமக்கு நோய் என்றே தெரியாதவர் இவற்றை எப்படிச் செய்வார்?

அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன் தமக்கு அல்சைமர் நோய் என்பதை 1994 நவம்பர் 5-ஆம் நாள் தம் கைப்பட எழுதிய கடிதத்தால் நாட்டு மக்களுக்கு அறிவித்தார். அப்போது வயது எண்பத்து மூன்று. தாமும் மனைவியும் முன்பு தங்களுக்கு வந்த புற்றுநோய்களை மறைக்காமல் சொன்னதால் பலர் பரிசோதனைக்கு முன்வந்ததை நினைவூட்டி, இதையும் அவ்வாறே சொல்வதாக எழுதினார். 2004-இல்தான் இறந்தார். ஏறத்தாழ பத்தாண்டுகள். அவர் அரசியல் நமக்கு உவப்பாயினும் இல்லாவிடினும், தம் செய்தியைத் தாமே சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சொன்னால் மனம் உடைந்துவிடாதா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், நினைவாற்றல் பரிசோதனைக்கு வந்த 90 பேரையும் அவர்தம் துணையாக வந்தோரையும் முன்னும் பின்னும் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், நோயின் பெயரை அறிந்ததால் மனச்சோர்வு குறிப்பிடும்படி கூடவில்லை. மனப்பதற்றம் பலருக்குக் குறைந்தே இருந்தது. வருத்தம் வரும், அழுகை வரும். வராமலிருந்தால்தான் வியப்பு. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். 2022-இல் இங்கிலாந்திலிருந்து வெளியான ஆய்வு ஒன்று, அறுபத்தைந்து வயதுக்கு முன்பே இந்நோய் வந்தவர்களிடத்திலும், நோய் தெரிந்த முதல் மூன்று மாதங்களிலும், முன்பே மனநோய் உள்ளவர்களிடத்திலும் தற்கொலை அபாயம் கூடுவதைக் காட்டியது. சொல்லிவிட்டுத் தனியே விட்டுவிடலாகாது என்பதே இதன் பொருள். மற்றும் ஒன்று: "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தாமாகவே சொல்லும் பெரியவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் உரிமையே. கேட்காமலே நாம் அவர்கள் வாயில் அந்தச் சொல்லை வைப்பதுதான் தவறு.

எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது, முதலில் கேளுங்கள் என்பதே. பரிசோதனைக்குப் புறப்படும் முன்பே, "முடிவு என்னவானாலும் உங்களிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டுவைத்தால் பின்னால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். மருத்துவர் உங்களை மட்டும் உள்ளே அழைத்தால், "அவரும் வரட்டும்" என்று மரியாதையாகச் சொல்லலாம். பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பதில்லை. வீட்டில் சொல்ல நேர்ந்தால் காலை வேளை நல்லது. மாலையானால் இந்நோயாளிகள் பலர் களைத்துக் குழம்பிவிடுவார்கள். (நான் மாலையில்தான் சொன்னேன்.) அவருக்கு மிக நெருக்கமான ஒருவர் சொன்னால் போதும், எட்டுப் பிள்ளைகளும் வட்டமாய் உட்கார்ந்து சொல்ல அது திருமணப் பேச்சன்று. "உங்களுக்கு என்னவோ மாறியிருப்பதாகத் தோன்றுகிறதா?" என்று தொடங்கினால் பெரும்பாலும் அவரே பாதியைச் சொல்லிவிடுவார். நோயின் பெயரை ஒரு முறையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் ஞாபகப் பிசகு" என்று சொல்லி நிறுத்தினால் அவர் பழைய இருளிலேயே இருப்பார். "புத்தி பேதலிப்பு", "குழந்தை மாதிரி ஆகிவிட்டீர்கள்" போன்ற சொற்கள் வேண்டவே வேண்டாம். சொன்ன பிறகு பேசாமல் பக்கத்தில் இருங்கள். அடுத்த நாளும் கேட்பார். மீண்டும் சொல்லுங்கள். இன்னும் செய்யக் கூடியவை எவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வாசகம் படிப்பது, தோட்டத்தைப் பார்ப்பது, பேரனுக்குக் கூட்டல் கற்பிப்பது.

நோய் முற்றிய பின் நிலைமை வேறு. எங்கள் அப்பா 2016 வாக்கில் தம் தாயைத் தேடத் தொடங்கினார். பாட்டி இறந்து நாற்பது ஆண்டுகள். ஒரு நாள் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றுதான் இறந்ததுபோல் கதறினார். மறுநாள் மறந்து மீண்டும் தேடினார். அப்போது சொல்ல வேண்டிய உண்மை என்று எதுவும் அதில் இல்லை. அவரால் வைத்துக்கொள்ள முடியாத துயரத்தை நாள்தோறும் புதிதாய்க் கொடுப்பதால் யாருக்கு என்ன பயன்? "பாட்டி இருக்கிறார்" என்று பொய்யும் சொல்லவில்லை. "பாட்டி உங்களுக்கு என்ன சமைப்பார்கள்?" என்று கேட்டேன். கருவாட்டுக் குழம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தொடக்கத்தில் மறைத்தது எப்படிப் பிழையோ, முடிவில் இடித்துரைத்ததும் அப்படியே பிழை. இரண்டையும் செய்தவள் நான். எல்லாம் போன பின்னும் அருள் நிறை மந்திரம் மட்டும் அவர் நாவில் தடையின்றி வந்துகொண்டிருந்தது. 2018-இல் ஆண்டவரிடம் சென்றார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 2022-இல் அண்ணனுக்கு அறுபத்தொன்று. பெயர்கள் மறந்தன; வண்டிச் சாவியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடினார். மகன் மருத்துவரிடம் அழைத்துப் போனான். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் உதவியாளர் மகனின் பெயரைச் சொல்லி உள்ளே அழைக்க, அண்ணன் எழுந்து, "நோயாளி நான்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டாராம். மருத்துவர் சிரித்து, "பயப்படும்படி ஒன்றுமில்லை. பி12 சத்துக் குறைவு. ஊசி போட்டால் தேறிவிடும்" என்றார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் நம்பவில்லை. இரவு பத்து மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சத்துக் குறைவு என்கிறார்கள். நானும் அப்பாவிடம் அதையேதான் சொன்னேன். இவர்கள் எதையோ மறைக்கிறார்கள். நீயாவது உண்மையைச் சொல்லம்மா" என்றார். அறிக்கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். எண்களை ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.